எதிர்காலத்தை வேனில் ஏற்றி வந்தவர்களுக்கு

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆர்கெஸ்ட்ராக்களில் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வாசித்த, பாடிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,



ஜிகினாத் துணியில் தைத்த வெள்ளி நிறச் சட்டையும், ராத்திரியிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியுமாக நீங்கள் மேடையேறியபோது முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். மின்சாரத்தில் பிறக்கும் சத்தம் என்று ஒன்று உண்டு என்பதை எங்கள் கண்ணெதிரே முதன்முதலில் வாசித்துக் காட்டியவர்கள் நீங்கள். அந்தப் பெருமையை முழுக்கச் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டு, உங்களைச் சினிமாப் பாட்டைக் காப்பியடித்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டது ஊர். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் குழுப் பெயர் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் அது நியாயமாகாது. அந்தப் பெயர்களை நீங்களே எழுதவேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

1986ஐ நினைத்துப் பாருங்கள். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை. 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ராசிபுரம், வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டிப் பக்கமெல்லாம் தறிச் சத்தம். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். சேலத்தில் கொலுசுப் பட்டறைகளும் ஜவ்வரிசி ஆலைகளும். இரும்பாலை ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. எந்திரம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் எந்திரமெல்லாம் கிரீஸ் வழிகிற, விரலை வாங்கிவிடுகிற எந்திரம். பார்த்துக் கனவு காண்பதற்கென்று ஓர் எந்திரம் அதுவரை எங்களிடம் இருந்ததில்லை.

அந்த வருஷம் மே மாதம் 'விக்ரம்' படம் வந்தது. சுஜாதாவின் கதை, திருடுபோகும் ஏவுகணை, கணினிகள், இளையராஜா இசையில் கமல்ஹாசனே பாடிய அந்தத் தலைப்புப் பாட்டு. தீபாவளிக்கு 'புன்னகை மன்னன்' வந்தது. கணினியைத் துணைக்கு வைத்து அமைத்த அதன் தீம் இசையை டீக்கடை டேப் ரிக்கார்டர்கள் ஓயாமல் ஒலித்தன. அதே காலகட்டத்தில் விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்து, ஜீனோ என்ற எந்திர நாய் 2021இல் நின்றுகொண்டு பேசியது. பத்திரிகை வாங்குகிற வீடுகளுக்கு எதிர்காலம் வாராவாரம் வந்து சேர்ந்தது. என் அப்பா மாதிரித் தறி ஓட்டியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அது உங்கள் வேனில்தான் வந்தது.

வேஷம் சேலத்துக்காரர்களுக்கு ஆச்சரியமில்லை. ஆடியில் குகை மாரியம்மன் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை பார்க்காதவர் இந்தப் பக்கம் யார்? தெருவில் தினமும் பார்க்கிற மனிதர் உடம்பெல்லாம் வண்ணம் பூசி, சிவனாகவோ முருகனாகவோ ஜோடித்த வண்டிமேல் வருவார். யாரென்று தெரியும்; தெரிந்தும் கை தானாகக் குவியும். வெள்ளிச் சட்டையில் வந்த உங்களை நாங்கள் கேலி செய்யாமல் ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நம்புகிறேன். சாமி ஏறிவந்த வண்டியில் விண்வெளிக்காரர் ஏறிவந்தால் அது எங்களுக்குப் பொருந்தாத காட்சியாகப் படவில்லை.

இன்னும் பின்னால் போனால், சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்தது. 1952இல் அமெரிக்கத் தயாரிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை எடுத்தார்கள். பூமியிலிருந்து அழிந்துபோன மாமூத் யானைகள் இந்தியக் காட்டுக்குள் நடமாடும் கதை. நம் நாட்டின் முதல் அறிவியல் புனைவுப் படம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிற துணிச்சல் இந்த ஊருக்கு உங்களுக்கு முன்பே இருந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, அதன் முகப்பு வளைவாவது நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்கிறார்கள். உங்களுக்கு ஒரு வளைவும் இல்லை.

பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து, பொங்கல் வைத்து முடிந்து, கடைசியில் வருகிற சத்தாபரண ராத்திரிக்காகத்தான் நாங்கள் நோம்பி முழுக்கக் காத்திருப்போம். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் மாரியம்மன் பாட்டு. பெரியவர்கள் திருப்தியாகித் தலையசைத்த பிறகு விளக்குகளை அணைப்பீர்கள். இருட்டுக்குள் எக்கோ வைத்த ஒரு குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணும். ஒவ்வோர் எண்ணும் ஊருக்கு வெளியே இருக்கிற கரட்டில் மோதித் திரும்பி வரும். பூஜ்யம் என்றதும் விக்ரம் பாட்டு வெடிக்கும். கண்ணாடிக் காகிதம் ஒட்டிய தகரச் சக்கரம் விளக்குக்கு முன்னால் சுற்ற, உங்கள் சட்டைகள் சிவப்பாகும், பச்சையாகும், நீலமாகும். பந்தலில் தொங்கும் கண்ணாடி உருண்டை கோவில் கோபுரத்துப் பொம்மைகள் மேலெல்லாம் வெளிச்சப் புள்ளிகளை ஓடவிடும்.

எங்கள் கண்ணெல்லாம் பேட் வாசிக்கிற அண்ணன் மேல்தான். கறுப்புப் பெட்டியில் எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தில் தட்டினால் டிரம்ஸ், இன்னொன்றில் தட்டினால் கைதட்டல், வேறொன்றில் பெயர் வைக்க முடியாத ஒரு சத்தம். என் அப்பத்தா கேட்டது நினைவிருக்கிறது: "தோலே இல்லாம கொட்டு எப்படிரா பேசுது?" வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தியேட்டரில் இந்தக் கேள்வியே வராது. அங்கே சத்தம் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. யார் கை, எந்த விரல் என்று தெரிவதில்லை. உங்கள் மேடையில் குச்சி தெரிந்தது, விரல் தெரிந்தது, நெற்றி வியர்வை தெரிந்தது. இந்தச் சத்தத்தை ஒரு மனிதன் உண்டாக்குகிறான், அவனும் எங்கள் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரிந்தது. பின்னாளில் ரேடியோ மெக்கானிக் ஆனவனும், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தவனும் எங்கள் முன்வரிசைச் சாக்கிலிருந்து எழுந்து போனவர்கள்.

அந்தச் சத்தங்களை எப்படிப் பிடித்தீர்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. உங்களில் பேஸ் கிட்டார் வாசித்த ஒருவர் பல வருஷம் கழித்துச் சொல்லித்தான் கேட்டேன். எழுதிய நோட்ஸ் எதுவும் கைக்கு வராது. கேசட் ஒன்றுதான் வாத்தியார். நாடா நைந்துபோகும்வரை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்பது. 1978இல் 'பிரியா' பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்த பிறகு, அதற்குள்ளேயே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் ஒரு கிட்டார் வெளியே வந்துவிடும். மறுபக்கம் திருப்பினால் அதுவரை கூட்டத்துக்குள் ஒளிந்திருந்த புல்லாங்குழலோ வயலினோ தனியாக நிற்கும். இளையராஜா அடுக்கிவைத்த வாத்தியங்களை ஒரு குமிழை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறீர்கள். எந்த இசைப் பள்ளியும் உங்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கவில்லை.

1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்து உலகம் முழுக்கப் பாட்டின் சத்தத்தையே மாற்றியது. சென்னை ஸ்டுடியோக்களில் விஜி மானுவல் போன்றவர்கள் விரல் வைத்தது உயர்தரச் சின்தசைசர்களில். உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கேசியோ. 1991இல் பொருளாதாரம் திறந்துவிடப்படுவதற்கு முந்திய காலம். இறக்குமதி வரி கழுத்தை நெரிக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பர்மா பஜாருக்குப் போக வேண்டும். சின்னக் கீபோர்டின் சத்தம் திறந்த வெளிக்கு மெல்லியதாகத்தான் இருக்கும். அதனால் இரண்டை மேலும் கீழுமாக வைத்து, ஒரே சுரத்தை இரண்டிலும் அழுத்தி, மேலே எக்கோ கொடுத்துக் கனமாக்கினீர்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்பதால் இருட்டில் கூட்டம் கலையாமல் இருக்க அந்தக் கேசியோவின் சொந்த ஸ்பீக்கரில் எதையாவது வாசித்துக்கொண்டே இருப்பீர்கள். நாங்கள் மேடையை நெருங்கி வந்து காதைக் கொடுப்போம். கீபோர்டு வைத்த ஸ்டாண்டு நாமக்கல் பட்டறையில் லாரி பாடிக்கு வெட்டி மிஞ்சிய சதுரக் குழாயில் வெல்டிங் வைத்தது. அதன்மேல் அலுமினியப் பெயிண்ட் அடித்திருந்தீர்கள். விண்கலத்தின் பாகம் என்றே நான் நம்பியிருந்தேன்.

காப்பி என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது பம்பையைத்தான். பாட்டுக்கு நடுவில் இசை மட்டும் வருகிற இடத்தில், பேட் அண்ணன் சினிமாவில் இல்லாத ஒன்றை வாசிப்பார். நம் பக்கத்துக் கோவில் பம்பை அடி. அதே நடை, அதே முடுக்கு. சத்தம் மட்டும் வேற்றுக்கிரகத்துச் சத்தம். ஒரு வருஷம் அந்த அடியில் பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. கோவில் கமிட்டிக்காரர்கள் சூடத்தோடு ஓடினார்கள். வெள்ளிச் சட்டை போட்ட அந்த மனிதர் நிறுத்தவில்லை. பாட்டை விட்டுவிட்டு, அந்த அம்மா ஆடி அடங்கும்வரை பம்பை அடியையே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சரியாக விட்ட இடத்தில் பாட்டுக்குத் திரும்பினார். தோலில்லாத கொட்டுக்கும் மாரியம்மன் வருவாள் என்று அன்றைக்கு ஊர் கண்டது. எந்தப் படத்தின் எந்த ரீலிலும் அது இல்லை. அது முழுக்க உங்களுடையது.

அக்காமாரே, உங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜானகியம்மா குரலுக்கு ஒருவர், சித்ரா குரலுக்கு ஒருவர் என்று மேடையோரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆண்களுக்கு ஜிகினாச் சட்டை. உங்களுக்குப் பட்டுப் புடவை. எதிர்காலத்திலும் பெண்கள் புடவையை விட்டு மாறக்கூடாது என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஆனால் பாட ஆரம்பித்தால், அந்தச் சின்தசைசர் சத்தங்களுக்கு ஈடுகொடுத்து, உடைந்து, மூச்சுவிட்டு, கிசுகிசுத்துப் பாட வேண்டிய வேலை உங்களுடையது. அதில் ஓர் இம்மியும் குறையவிடவில்லை. விசில் வரும், சீட்டு வரும், சீட்டில் பாட்டுப் பெயரைத் தவிர வேறு வார்த்தைகளும் வரும். அதை மடித்து மைக் ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவீர்கள். நிகழ்ச்சி முடிந்து விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த உங்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி பாடப் போகிற பொம்பளை என்று ஊர் பேசிய பேச்சு எங்கள் திண்ணையிலும் பேசப்பட்டது. உங்கள் பாட்டை வாங்கிக்கொண்டு உங்களுக்குத் தரவேண்டிய மரியாதையைத் தராமல் இருந்தது இந்தச் சீமை. அது கடன், இன்னும் தீரவில்லை.

உங்களைப் போன்றவர்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் இருந்தார்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க் என்ற குழு சிவப்புச் சட்டையும் கறுப்பு டையுமாக எந்திரம் மாதிரியே நின்று வாசித்தது; 1978இல் 'தி மேன் மெஷின்' வெளியிட்டது. அதே வருஷம் டோக்கியோவில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. அதே வருஷம்தான் போனி எம் 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' இசைத்தட்டைக் கொண்டுவந்தது. வெள்ளிக் கிரகத்துக்குப் புறப்படும் கலத்தின் அறிவிப்பு எந்திரக் குரலில் வரும். அதன் கேசட் இந்தியாவெங்கும் ஓடியது. உங்கள் இருட்டு அறிவிப்புக்கு விதை அங்கே விழுந்திருக்கலாம். கிராஃப்ட்வெர்க்கை 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அழைத்து வாசிக்க வைத்தது. 2021இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் முன்னோடி என்று கௌரவித்தது.

நம் நாட்டிலேயே ஒருவர் கதை இருக்கிறது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பம்பாய்ச் சினிமாவில் வாத்தியம் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் எந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, 2010இல் அது மறுபடி வெளியானபோது, மேற்கில் பின்னால் வந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை இந்த மனிதர் முன்கூட்டியே வாசித்துவிட்டாரே என்று உலகம் திகைத்தது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு 2015இல் காலமானார். அவருக்கு அந்த நியாயம் கிடைத்ததற்கு ஒரே காரணம், கையில் எடுத்துப் பார்க்க ஓர் இசைத்தட்டு இருந்ததுதான். பேட்டில் பம்பை வாசித்த நம் அண்ணனுக்கு என்ன இருக்கிறது?

உங்கள் காலம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். 1992இல் 'ரோஜா', 1994இல் 'காதலன்' படங்களின் பாட்டுகள் வந்தன. சீக்வென்சரில் அடுக்கிய அந்தத் தாளங்களை நான்கு பேர் மேடையில் நேராக வாசிப்பது கடினம் என்றானது. 1993இல் சன் டிவி வந்து பாட்டை வீட்டுக்குள்ளேயே காட்டத் தொடங்கியது. பதிவு செய்த டிராக்கில் பாடுவது வந்தது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னதும், விடிய விடிய நடந்த கச்சேரி என்பதே இல்லாமல் போனது. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் அந்த விதி தேவைதான். உங்கள் பிழைப்பை அது வாங்கியதும் உண்மைதான். பலர் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனீர்கள், சிலர் சவுண்ட் சர்வீஸ் வைத்தீர்கள், சிலர் தறிக்கே திரும்பினீர்கள்.

2022இல் அதே விக்ரம் என்ற பெயரில் மறுபடி படம் வந்தபோது, இளைஞர்கள் பழைய தலைப்புப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டார்கள். என் மகனும் கேட்டான். 'இந்தச் சத்தத்தை 86லயே எப்படிப்பா யோசிச்சாங்க' என்றான். இளையராஜாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னேன். 'அதுக்கு வீடியோ இருக்கா?' என்று கேட்டான்.

இனி என் வேண்டுகோள்.

உங்கள் வீட்டுப் பரணில், பீரோ மேலே, அமிர்தாஞ்சன் வாசனை அடிக்கிற ஏதோவொரு தகரப் பெட்டியில் கேசட்டுகள் இருக்கும். ஒத்திகையைப் பதிவு செய்தது, மிக்சரிலிருந்து நேராக எடுத்தது, கமிட்டிக்காரர் பிரதி போட்டுக் கொடுத்தது. அவற்றை எடுங்கள். நாடாவின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகும், ஓட்டுகிற மெஷினும் கெட்டுப்போகும். பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து பதிவு எடுத்துத் தருகிறவர்களிடம் கொடுங்கள். கேசட் இல்லாதவர்கள் நோட்டீஸையும் போட்டோவையும் தேடுங்கள். வீணாகப் போகும் காகிதம் என்று நினைக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் சென்னையில் உருவான நூலகத்தில்தான் இன்றைக்குத் தமிழ் நாடகத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கிறார்கள். மின்சார இசை கொங்குக் கிராமங்களுக்கு வந்த வரலாறு உங்கள் நோட்டீஸில் இருக்கிறது: என்ன தேதி, எந்த ஊர், யார் கீபோர்டு, யார் பேட், யார் பாட்டு.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்: தலைப்புத் தேடி வெளியே போகவேண்டாம், ஆத்தூரிலிருந்து பரமத்தி வரை இந்த மனிதர்கள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள்.

கோவில் கமிட்டிக்காரர்களே, அடுத்த ஆடிக்கு டி.ஜே.க்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு மணி நேரத்தை இவர்களுக்கு ஒதுக்குங்கள். பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள்.

அண்ணன்மாரே, அக்காமாரே, எண்பதுகளில் வாசித்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. சிலர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கேசட் கையில் கிடைத்த அன்றைக்கே அதன் அட்டையில் ஊர், வருஷம், வாசித்தவர்கள், பாடியவர்கள் பெயர் எல்லாவற்றையும் பேனாவால் எழுதிவிடுங்கள். குழுவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தறிக்காரர் மகன்